அடுத்த பெர்த்தில் இருப்பவர் யார்?

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் டீன் ஹவெல்ஸ் எழுதி, 1883இல் புத்தகமாக வந்த ‘தி ஸ்லீப்பிங் கார்’ என்ற சிறு நகைச்சுவை நாடகம் ஓடும் ரயிலில், ஓர் இரவில் நடக்கிறது. இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. பாஸ்டன் நோக்கிப் போகும் படுக்கைப் பெட்டியில் திருமதி ராபர்ட்ஸ் கைக்குழந்தையோடும் அத்தையோடும் வருகிறார். பல ஆண்டுகளாகப் பார்க்காத சகோதரன் கலிபோர்னியாவிலிருந்து வரவேண்டும். திரைக்குப் பின்னே உறங்கும் கலிபோர்னியாக்காரர் அவன்தானோ என்று அவருக்கு ஐயம். எழுப்பியே கேட்டுவிடுகிறார்.

அவன் இல்லை.

ஆனாலும் அந்த மனிதர் சீறவில்லை. உடன்பிறந்தவனாக இருந்தால் எப்படிப் பொறுத்துக்கொள்வானோ, அப்படியே தூக்கம் கெட்டதைச் சிரித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார். ஒருவருக்கு நாம் செய்யவேண்டிய கடமை, அவர் யாரென்று தெரிந்த பிறகுதான் தொடங்குகிறதா? சிரிக்கவைக்க எழுதிய நாடகம் இந்தப் பழைய சமயக் கேள்வியைத் தொட்டுவிடுகிறது. லூக்கா நற்செய்தியில், தன் அயலான் யாரென்று கேட்ட சட்ட அறிஞருக்கு இயேசு பட்டியல் எதுவும் தரவில்லை. அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனின் கதையைச் சொல்லி, அயலானாக நடந்துகொண்டவன் யார் என்று அவரிடமே திருப்பிக் கேட்டார்.

ஹவெல்ஸின் தந்தை கிறிஸ்தவ இறையியலாளர் ஸ்வீடன்போர்க்கின் போதனையைப் பின்பற்றியவர். தன் தொழிலை நேர்மையாகச் செய்வதே பிறரன்பு என்று வலியுறுத்தியவர் ஸ்வீடன்போர்க். அப்படிப் பார்த்தால் அந்தப் பெட்டியில் முதலில் கண்ணில் படவேண்டியவர் படுக்கை விரித்து, பயணிகளின் அழைப்புக்கெல்லாம் ஓடிவரும் போர்ட்டர். ஆள் தெரியாத குழப்பத்தையே சிரிப்பாக்கிய நாடகம் அவருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அமெரிக்க ரயில்களில் படுக்கைப் பெட்டிகளை நடத்திய புல்மன் நிறுவனத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். தொடக்கத்தில் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரை வைத்து, பயணிகள் அவர்களை ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள்.

ஹவெல்ஸ் நெஞ்சில் ஈரமில்லாதவர் அல்லர். சிகாகோ தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்ததற்காகத் தொடரப்பட்ட ஹேமார்க்கெட் வழக்கின் தூக்குத் தண்டனைகளை 1887இல் வெளிப்படையாக எதிர்த்தார். 1909இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் உருவாக வழிவகுத்த அறைகூவலில் கையெழுத்திட்டார். ஆனால் அவருடைய பேனாவுக்கே போர்ட்டரை அன்று வெறும் போர்ட்டராகத்தான் காட்ட முடிந்தது. நாடகத்தின் நல்ல மனத்தை விட, இந்த இடைவெளிதான் யோசிக்கவேண்டியது. தெரியாத பயணியைச் சகோதரனாக ஏற்றுக்கொண்ட மனம், தனக்குப் படுக்கை விரித்தவரிடம் வந்ததும் நின்றுவிட்டது.

1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் போர்ட்டர்கள் சங்கம் அமைத்தபோது, அதைச் ‘சகோதரத்துவம்’ என்றே அழைத்தார்கள். ஊதியம், வேலைநேரம் பற்றி புல்மன் நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ள 1937 வரை ஆயிற்று.