இடப்பக்கம்

2025 ஏப்ரலில் ஆஸ்திரேலிய வானொலி ஒன்றில் பேசும்போது வில் புகோவ்ஸ்கி கிரிக்கெட்டிலிருந்து ஓய்வை அறிவித்தார். வயது 27. முதல்தர ஆட்டங்கள் 36, சதங்கள் 7, சராசரி 45.19, டெஸ்ட் ஒன்றே ஒன்று. கணக்கு இவ்வளவுதான். அதே பேட்டியில் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். தனக்கு இடப்பக்கம் எது நடந்தாலும் ஒத்துக்கொள்வதில்லை, தலை கிறுகிறுக்கிறது, குமட்டுகிறது என்று. இதை எழுதுபவருக்கு ஓய்வுச் செய்தி மறந்துபோனாலும் அந்த இடப்பக்கம் மட்டும் மறக்கவில்லை.

காரணம் எளிது. புகோவ்ஸ்கி வலது கை ஆட்டக்காரர். வலது கை ஆட்டக்காரர் கிரீஸில் எப்படி நிற்பார்? இடது தோள் பந்துவீச்சாளரைப் பார்த்து இருக்கும், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருப்பார். பந்து வருவது இடப்பக்கத்திலிருந்துதான். சிறு வயதிலிருந்து எந்தப் பக்கம் கண் வைத்துப் பழகினாரோ, அந்தப் பக்கம்தான் இப்போது குமட்டுகிறது.

இது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அவருக்கு விழுந்த அடிகள் எல்லாமே பந்தால் வந்தவை அல்ல. பள்ளிக்காலத்தில் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடும்போது ஒருவரின் முழங்கால் தலையில் இடித்தது. ஒருமுறை வீட்டுக் கதவே இடித்திருக்கிறது. பத்துக்கு மேற்பட்ட அடிகள். நம்மூர் ரசிகர்களுக்கும் அவரைத் தெரியும். 2021 ஜனவரி சிட்னி டெஸ்டில், பின்னால் அஸ்வினும் விஹாரியும் நங்கூரமிட்டு டிரா செய்தார்களே, அந்த ஆட்டத்தில்தான் அறிமுகமாகி 62 ரன் அடித்தார். ரிஷப் பந்த் இரண்டு கேட்சுகளை விட்டார். அதற்கு முந்தைய மாதமே அறிமுகமாகியிருக்க வேண்டியவர். பயிற்சி ஆட்டத்தில் கார்த்திக் தியாகியின் பவுன்சர் ஹெல்மெட்டில் பட்டதால் தள்ளிப்போனது. கடைசி அடி 2024 மார்ச்சில், ஹோபார்ட்டில், ரைலி மெரிடித் வீசிய பவுன்சர்.

இதை எழுதுபவர் வளர்ந்த தெருவில் கார்க் பந்தில்தான் ஆட்டம். ஹெல்மெட் என்பது பைக் ஓட்டுகிறவர்களே போடாத காலம். எவன் தலையிலாவது பந்து பட்டால் உட்காரவைத்து, அடிபம்புத் தண்ணீரை முகத்தில் அடித்து, பெரிய பையன் ஒருவன் விரல்களை நீட்டிக் கேட்பான்: "டேய், இது எத்தனை?" மூன்று என்றால் சரி, எழுந்து பேட்டைப் பிடிக்கலாம். வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் பாட்டி கேட்பது வேறு: "வாந்தி எடுத்தானா? தூங்க விடாதீங்க." தவறாகச் சொன்ன பையன் யாரும் நினைவில் இல்லை. பேட்டிங் பறிபோய்விடும் என்ற பயமே விரல்களைச் சரியாக எண்ணவைத்துவிடும்.

அந்த விரல் கேள்வியின் பலவீனத்தை ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களிடம் ஆராய்ந்து காட்டியவர் டேவிட் மேடக்ஸ் என்ற நரம்பு உளவியலாளர். அவருடைய ஆய்வு 1995இல் வெளிவந்தது. கன்கஷன் எனும் மூளை அதிர்வுக்கு ஆளானவர்கள் தம் பெயர், பிறந்த நாள் போன்றவற்றைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். சிக்குவது அண்மை நினைவில்தான்: கடைசியாக கோல் போட்டது யார், போன வாரம் யாரோடு ஆடினீர்கள், வென்றீர்களா? இன்றைக்கும் மைதான மருத்துவர்கள் இந்த வகைக் கேள்விகளைக் கேட்கிறார்கள். மாதங்களைத் தலைகீழாகவும் சொல்லச் சொல்கிறார்கள். பங்குனி, மாசி, தை என்று பின்னாலிருந்து சொல்லிப் பாருங்கள். நல்ல தலைக்கே நடுவில் எங்கோ தட்டும்.

அதிலும் தப்பிப்பவர்கள் உண்டு. 2019 லார்ட்ஸ் டெஸ்டில் ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டுச் சாய்ந்த ஸ்டீவ் ஸ்மித் சோதனைகளில் தேறி, திரும்பி வந்து ஆடி 92இல் ஆட்டமிழந்தார். மறுநாள் காலையில்தான் அறிகுறிகள் தெரிந்தன. அவருக்குப் பதிலாக இறங்கிய லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரர்.

எலும்பு உடைந்தால் இந்தக் குழப்பம் இல்லை. 1962இல் பார்படாஸில் சார்லி கிரிஃபித்தின் பந்தில் இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோடு உடைந்தது. அங்கே உயிரைக் காப்பாற்றினார்கள். பிறகு வேலூரில் டாக்டர் சாண்டி உலோகத் தகடு வைத்தார். அந்தத் தகட்டை 60 ஆண்டுகள் கழித்து, 2022இல் மும்பையில் எடுத்தார்கள். கான்ட்ராக்டர் மறுபடி முதல்தர ஆட்டங்கள் ஆடினார், டெஸ்டுக்கு மட்டும் அழைப்பு வரவேயில்லை. அவருடைய காயத்தை எக்ஸ்ரேயில் காட்டலாம். கன்கஷன் அப்படியில்லை, ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். குலுங்கிய மூளையின் நரம்பிழைகள் இழுபடுகின்றன. பொட்டாசியம் வெளியே கசிய, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சீராக்க மூளைக்கு நிறைய சக்தி வேண்டும், அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டமோ குறைகிறது. கோடையில் ஊரே மோட்டார் போடும் வேளையில் வரும் லோ வோல்டேஜ் மாதிரி. இந்த நிலையில் இன்னொரு அடி விழுந்தால் தேறுவதற்கு இன்னும் நாளாகும்.

தேற்றுவது எப்படி என்பதில் மருத்துவமே கட்சி மாறியிருக்கிறது. இருட்டறை, முழு ஓய்வு, படிக்காதே, பேசாதே என்றுதான் முன்பு சொன்னார்கள். 2015இல் வந்த ஓர் ஆய்வில், ஐந்து நாள் கடும் ஓய்வெடுத்த இளையவர்களுக்கு, ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிட அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெட்டி குழுவினர் டிரெட்மில்லில் நடக்கவைத்து, எந்த இதயத்துடிப்பில் தலைவலி கூடுகிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழேயே தினமும் இருபது நிமிடம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். 2019இல் வந்த அவர்களுடைய முடிவின்படி, பயிற்சி செய்த பதின்பருவத்தினர் 13 நாளில் தேறினர். வெறுமனே கைகால் நீட்டி மடக்கியவர்களுக்கு 17 நாள் ஆனது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல இயக்கம் என்பதே இன்றைய வழக்கம்.

தலைசுற்றலுக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, அதன் நகத்தில் பார்வையை நிறுத்தி, தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்ட வேண்டும். விரல் மங்கக்கூடாது. கொஞ்சம் கிறுகிறுப்பு வரத்தான் வேண்டும். அதை வரவழைத்து வரவழைத்துத்தான் உள்காதும் கண்ணும் மறுபடி ஒத்துப்போகப் பழகுகின்றன. எந்தப் பக்கம் குமட்டுகிறதோ அந்தப் பக்கமே திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லும் வைத்தியம்.

அப்படிப் பயின்று புகோவ்ஸ்கியின் இடப்பக்கம் ஒருநாள் சரியாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அவர் குணமானவரா? இந்தக் கேள்வியில்தான் இதை எழுதுபவர் வழி தவறுகிறார். அதே பேட்டியில் புகோவ்ஸ்கி, முதல் சில மாதங்கள் வீட்டுக்குள் நடப்பதே பாடாக இருந்தது, வீட்டுவேலையில் கைகொடுக்காததால் வருங்கால மனைவிக்குக் கோபம், எப்போதும் தூக்கம் என்றார். அடிகளுக்கு முன்பிருந்த ஆள் இவன் இல்லை என்று வீட்டாரும் நண்பர்களும் சொல்வதாகவும் சொன்னார். முன்பிருந்த ஆளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவரோ அந்த ஆளை, அடிபட்ட அதே மூளையைக் கொண்டுதான் நினைவுகூர வேண்டும். 2003 ரக்பி உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சனுக்கு 42 வயதில் டிமென்ஷியா என்றார்கள். அந்த வெற்றியே தனக்கு நினைவில்லை என்கிறார் அவர். எதற்குத் திரும்புவது என்பதே கைநழுவிப்போன நிலை அது.

எப்போதோ பாதி படித்த ஒன்று இந்த இடத்தில் வந்து நிற்கிறது. நாஞ்சில்நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் நிகழ்த்தினார். முதுகில் விழும் நெல்மணிகளை எண்ணிக்கொண்டே கேட்ட அடிக்கு வெண்பா முடிப்பது, இடையில் கேள்விகளுக்கு விடை சொல்வது என்று ஒரே நேரத்தில் நூறு காரியங்களில் கவனம். சிறு வயதில் அதைப் படித்தபோது இது நினைவாற்றல் வித்தை என்றே தோன்றியது. கன்கஷனிலிருந்து தேறுகிறவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு, டீ போட்டுக்கொண்டே போனில் பேசுகிற எல்லோரும் ஏதோ ஓர் அளவில் அவதானிகள்தான் என்று படுகிறது. அடிபட்டால் முதலில் போவது கவனத்தின் அந்தப் பங்கீடுதான். பேச்சு நன்றாக இருக்கும், பழைய கதை நினைவிருக்கும். கல்யாண வீட்டுச் சத்தத்தில் ஒருவர் சொல்வதைத் தொடர முடியாது. அளந்து பார்த்தால் எல்லாம் இயல்பு. அளக்கிற அறை அமைதியாக இருப்பதால்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புகோவ்ஸ்கியின் சில அடிகளுக்குப் பின் வந்த அறிகுறிகள் மூளை அதிர்வைவிட மனஅழுத்தத்தால் வந்திருக்கலாம் என்று நிபுணர் குழு ஒருமுறை கருதியது. அவர் மீண்டும் ஆடப் போனார். ஹோபார்ட் அடிக்குப் பிறகு அமைந்த மருத்துவக் குழுவோ ஆட்டத்தை விடச் சொன்னது. பயந்த உடலையும் அடிபட்ட மூளையையும் பிரித்துச் சொல்லும் ஸ்கேன் கிடையாது. ஒருவேளை அந்த இடப்பக்கம் இரண்டுக்கும் பொதுவோ என்னவோ.

இப்போது அவர் பயிற்சி தருவது, வர்ணனை என்று கிரிக்கெட்டின் ஓரத்திலேயே இருக்கிறார். வேகப்பந்தை இனி எதிர்கொள்ள வேண்டியதில்லை, சாதாரண வாழ்க்கைக்கு இது போதும் என்று எடுத்துக்கொண்டால் அவர் பாதி தேறியவர். அவருடைய சாதாரண வாழ்க்கையே வேகப்பந்துதானே என்று பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. இதை எழுதுபவருக்குச் சில நாள் முதலாவது சரியென்று படுகிறது, சில நாள் இரண்டாவது. புகோவ்ஸ்கிக்கே இன்றைக்கு எது சரியென்று படுகிறதோ, அது நாற்பது வயதிலும் அப்படியே இருக்குமா என்பதும் தெரியவில்லை.