முக்காட்டைப் பிடித்திருக்கும் கை

கேள்வி: வீட்டில் ஜெபம் செய்யும் இடத்தில் மாதா படம் மாட்டியிருக்கிறோம். "மாதா ஏன் எப்போதும் முக்காடு போட்டிருக்கிறார்? பெண் என்றால் மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவா?" என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள், சகோதரி. அந்தக் காலத்தில் மணமான யூதப் பெண்கள் தலையை மூடுவது வழக்கம். ஓவியர்களும் அப்படியே வரைந்தார்கள். கோயிலில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு சொன்னது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. வழக்கம் வரும், போகும். அடையாளத்தின் பொருள் நிற்கும்.

அந்தப் பொருள் என்ன? சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் ஒளிர்ந்தது. மக்கள் கிட்டே வர அஞ்சினார்கள். அவர் முகத்துக்கு முக்காடு போட்டுக்கொண்டார் (விடுதலைப் பயணம் 34). எருசலேம் கோயிலில் திருத்தூயகத்தின் முன்னால் திரை தொங்கியது. நாமும் நற்கருணைப் பேழைக்குத் திரை போடுகிறோம். வெட்கப்பட வேண்டியதையா இப்படி மூடுகிறோம்? புனிதமானதைத்தானே!

விவிலியத்தில் சேராத, 2-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று, வானதூதர் மங்கள வார்த்தை சொல்ல வந்தபோது மரியா அந்தக் கோயில் திரைக்கு நூல் நூற்றுக்கொண்டிருந்தார் என்கிறது. கீழைத் திருச்சபைகளின் மங்கள வார்த்தை ஓவியங்களில் அவர் கையில் சிவப்பு நூல் இருப்பது அதனால்தான்.

மகளுக்கு ஒரு படத்தைக் காட்டுங்கள். அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா 1476 வாக்கில் வரைந்த மங்கள வார்த்தை மரியா அது. இத்தாலியின் பலெர்மோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்றரை அடி உயரம்கூட இல்லாத சிறு பலகை. நீல முக்காடு, எதிரே திறந்த புத்தகம். வானதூதர் படத்தில் இல்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம். மரியாவின் வலது கை நம் பக்கமாக லேசாக எழுந்திருக்கிறது. இடது கை முக்காட்டின் இரண்டு ஓரத்தையும் மார்பருகே சேர்த்துப் பிடித்திருக்கிறது.

யாரும் இழுத்துப் போர்த்திவிட்ட முக்காடு அல்ல அது. அவர் விரல்களே பிடித்திருக்கின்றன. கடவுளின் தூதரே அவர் வாயிலிருந்து 'ஆகட்டும்' என்ற சொல் வரும்வரை காத்து நின்றாரே!

அந்த இடது கையை மகளுக்குக் காட்டுங்கள். ஞாயிறு பூசையில் துப்பட்டாவைத் தலையில் போடுவதா வேண்டாமா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.