புரளாத உடம்பு

கீழமாசி வீதியில் விடியற்காலை நடந்தால், பூட்டிய கடை வாசலில் யாராவது ஒருவர் கிடப்பார். ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கும். மூட்டை இறக்க வருபவர்கள் தாண்டிப் போவார்கள். "மட்டையாயிட்டான், தெளிஞ்சா எந்திரிச்சுப் போவான்." நானும் தாண்டிப் போயிருக்கிறேன்.

தூக்கத்தில் எத்தனை முறை புரள்கிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. தோள் அழுந்தினால் வலிக்கிறது. விழிப்பு வராமலே உடம்பு திரும்பிக்கொள்கிறது. மிதமிஞ்சிக் குடித்தவருக்கு அந்த வலி எட்டாது. மணிக்கணக்கில் விழுந்த வாக்கிலேயே கிடப்பார். அடியில் சிக்கிய தொடைக்கும் கைக்கும் ரத்தம் ஓடாமல் தசை நசிந்து உடைகிறது. மதுவே தசைக்கு நஞ்சு. வெறும் வயிற்றில் நாள்கணக்காகக் குடிப்பவருக்குத் தசை முன்பே நலிந்தும் இருக்கும். உடைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும். தசையிலிருந்து கூடவே ரத்தத்தில் கலக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம். தசை இப்படி உடைவதை மருத்துவர்கள் ராப்டோமயோலிசிஸ் என்கிறார்கள். கிடந்தவரோ, "நேத்து சரக்கு சரியில்ல" என்று உடம்பு வலிக்கு இன்னொரு கட்டிங் தேடிப் போவார். சீக்கிரம் மருத்துவமனைக்கு வந்தால் நரம்பில் ஏற்றும் சலைனே பலரைக் காப்பாற்றிவிடும். தாமதித்தால் டயாலிசிஸ்.

1941-இல் லண்டனில், குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்கு அடியில் நசுங்கி மீட்கப்பட்டவர்களைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். தேறிவிடுவார்கள் என்று தோன்றியவர்களுக்குச் சிறுநீரகம் ஓய்ந்துபோனது. அங்கே சுவர் விழுந்திருந்தது. கீழமாசி வீதியில் எந்தச் சுவரும் விழவில்லை. வாசலில் கிடந்தவரை நசுக்கியது அவருடைய உடம்பின் பாரம்தான்.

பகலெல்லாம் மூட்டை சுமந்தவர் உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன் என்பார். பொய்யில்லை. ஆனால் அவர் துரத்த நினைக்கும் அதே வலிதான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவரைப் புரட்டிப் போட வேண்டியது. வீட்டில் விழுந்தவர்களுக்கு அந்த வேலையை மனைவி செய்கிறாள், வாய் நிறையத் திட்டிக்கொண்டே: ஒருக்களித்துப் படுக்க வைத்து, நசுங்கிய கையை இழுத்துவிட்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்து.

தெருவில் கிடப்பவருக்கு அவள் இல்லை. அசைவில்லாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். இப்போதெல்லாம் நான் நின்று தோளைத் தட்டுகிறேன். பெரும்பாலும் கெட்ட வார்த்தைதான் வரும். வந்தால் நிம்மதியாக நடப்பேன்.