ஒப்படைத்துப் புறப்படுதல்

சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் வகித்த ஏனுகுல வீராசாமி, 1830-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி பரிவாரம் சூழக் காசிக்குப் புறப்பட்டு, ஆறுகளையும் மலைகளையும் அடர்ந்த வனங்களையும் கடந்து சென்று, கங்கையில் நீராடி, 1831-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி மீண்டும் ஊர் வந்து சேர்ந்தார். அந்தப் பதினைந்து மாத காலமும் அவர் எழுதாமல் இருந்தவர் அல்லர். வழியிலுள்ள ஊர்களையும் சத்திரங்களையும், அங்கங்கே ஜனங்கள் வாழ்ந்த முறையையும், தம் மனத்தில் எழுந்த தத்துவ விசாரங்களையும் தம் சிநேகிதரான கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்குத் தெலுங்கில் எழுதிக்கொண்டே போனார். அவர் காலமான பின் அவ்வெழுத்தே 1838-ல் காசி யாத்திரைச் சரித்திரமாக அச்சேறிற்று. ஆகையால், தீர்த்த யாத்திரை போகிறவன் வழியிலிருந்து ஊருக்கு எழுதுவது புதிய வழக்கமும் அன்று, பாவமும் அன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் நாம் இவ்விஷயத்தை ஆராயப் புகவேண்டும்.

இந்நாளில் ராமேசுவரத்திலிருந்து பனாரஸ் செல்லும் ரயிலில் ஏறுகிற யாத்திரிகர் பலரிடம், சேதுக்கரை மணல் கட்டிய பொட்டலத்தோடு கூடவே மடிக்கணினியும் இருக்கிறது. ஜன்னலோரத்துப் பிளக்கில் அதன் சார்ஜரைச் செருகிவிட்டு, இட்டார்சிக்குத் தெற்கே மலைப்பாதையில் சிக்னல் அறுபடுகிற போதெல்லாம் தவித்து, மறுபடி கிடைத்ததும் வந்து குவிந்திருக்கும் மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பதில் எழுதிக்கொண்டு போகிறார்கள். 1995-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்றுதான் நம் தேசத்தில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது என்பதை நினைத்தால், ஒரு தலைமுறைக்குள் யாத்திரையின் சுபாவமே எவ்வளவு மாறிவிட்டது என்பது விளங்கும்.

இதைக் கண்டு வருந்துகிற பெரியவர்கள் சொல்லும் குற்றச்சாட்டு, பெரும்பாலும் மனம் சிதறிப்போகிறது என்பதே. எனக்கு அது முக்கியமான குற்றமாகத் தோன்றவில்லை. மனம் சிதறுவதற்கு மின்னஞ்சல் வேண்டியதில்லை; பல்லக்கில் போனவர்களுக்கும் அடமானத்தில் இருக்கும் நிலத்தின் நினைவும், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் கவலையும் கூடவே போயிருக்கத்தான் செய்யும். விசுவநாதர் சந்நிதிக்குச் செல்பேசி முதலியவற்றைக் கொண்டுபோகலாகாது என்று காசியில் லாக்கரில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நம் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் செல்பேசிக்குத் தடை விதிக்கும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் உத்தரவிட்டது. சந்நிதியின் அமைதிக்கு இத்தடைகள் அவசியமானவையே. ஆயினும், லாக்கர்ச் சாவியை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவரின் முகத்தைப் பார்த்தவர்கள், அந்தக் கட்டுப்பாடு எட்டாத வேறோர் இடத்தில் நோய் இருக்கிறது என்பதை உணர்ந்திருப்பார்கள்.

கேதார கட்டத்துப் படிகளில் ஒரு நாள் காலையில் நான் கண்டதை இங்கே சொல்லவேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கனவான், கங்கையில் முழுகி எழுந்த ஈர வேஷ்டியோடு, மேல்படியில் துண்டை விரித்து அதன்மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டோடு அதை இணைக்கப் பிரயத்தனம் செய்துகொண்டிருந்தார். தலையிலிருந்து சொட்டிய நீர் கீபோர்டில் விழாதபடி கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்திருந்தார். கீழே புரோகிதர் தர்ப்பையும் எள்ளுமாகக் காத்திருந்தார். "வாத்தியார் நின்னுண்டிருக்கார், அப்புறமாப் பாத்துக்கப்படாதா?" என்று அவர் மனைவி கேட்டாள். "ஒரே ஒரு மெயில்தான். நான் அப்ரூவ் பண்ணலைன்னா அங்கே ஒண்ணுமே நகராது" என்றார் அவர். ஒரு சரக்குக்குப் பணம் கொடுக்க அநுமதி கேட்டு வந்த கடிதம் அது என்பது அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. பின்பு அவர் இறங்கி வந்தார், சங்கல்பம் ஆரம்பமாயிற்று. எந்தக் க்ஷேத்திரத்தில், கங்கையின் எந்தக் கரையில், எந்த வருஷத்தில், எந்த அயனத்தில், எந்த மாதத்தில், எந்தத் திதியில், எந்த நக்ஷத்திரத்தில் தாம் நிற்கிறோம் என்று ஒவ்வொன்றாகப் பிரகடனம் செய்த பிறகே ஒருவன் தன் கோத்திரத்தையும் பெயரையும் சொல்லிக்கொள்ளவேண்டும் என்பது சங்கல்பத்தின் விதி. புரோகிதர் சொல்லச் சொல்ல அந்தக் கனவானும் தெளிவாகவே சொன்னார், குறையொன்றும் இல்லை. அவர் அதைச் சிரத்தையின்றிச் செய்தார் என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

என் சிந்தையில் தைத்தது, தாம் இன்றி அங்கே ஒன்றும் நகராது என்று சற்று முன் அவர் சொன்ன அந்த வார்த்தைதான். காரியம் அனைத்துக்கும் கர்த்தா நானே என்னும் எண்ணத்தைக் கரைப்பதற்காகவே ஒரு மனிதன் ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து கங்கையில் இறங்குகிறான். அந்த எண்ணம் ஒரு படி மேலே துண்டின்மீது பத்திரமாகக் காத்திருக்குமானால், கங்கை எதைக் கரைப்பது?

நம் முன்னோர்க்கு யாத்திரையின் கஷ்டம் வழியில் மாத்திரம் இருக்கவில்லை. அது வீட்டு வாசலிலேயே தொடங்கிற்று. கடனைத் தீர்த்துக் கொடுக்கல் வாங்கலை முடித்து, பெட்டிச் சாவியை மூத்த பிள்ளையிடமோ தம்பியிடமோ கொடுத்து, திரும்பி வந்தால் காண்போம் என்று ஊராரிடம் விடைபெற்றுப் புறப்பட்டார்கள். காரியார்த்தமாக வெளியூர் செல்கிறவன் மனைவியின் ஜீவனத்துக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டே செல்லவேண்டும் என்று மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் விதிக்கிறது. அக்னிஹோத்திரம் செய்பவன் பிரயாணம் போகும்போது, வளர்த்த அக்னிகளின் அருகே நின்று துதிக்கும் உபஸ்தானத்தைச் செய்து விடைபெற்று, அவற்றைப் பேணும் பொறுப்பை வீட்டிலுள்ளாரிடம் விட்டுச் சென்று, திரும்பியதும் மறுபடியும் உபஸ்தானம் செய்யவேண்டும் என்று சிரௌத சூத்திரங்கள் கூறுகின்றன. நெருப்பு அணையக்கூடாது, ஆனால் அதை ஊதிக்கொண்டிருப்பவன் தானாகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. யாத்திரையின் முதல் தபசு இந்த ஒப்படைப்பே என்பது என் துணிபு. பசியும் வெயிலும் வழிப்பறி பயமும் அதற்குப் பின் வந்தவை. ரயில் வந்து அவற்றையெல்லாம் போக்கிவிட்டதில் எவ்வித நஷ்டமும் இல்லை. மடிக்கணினியோ அந்த முதல் தபசையே வேண்டாததாக்கிவிட்டது. எவரையும் நம்பி எதையும் விட்டுவிட வேண்டிய அவசியமே இல்லாமல் இன்று ஒருவன் நான்கு தாமங்களையும் தரிசித்துவிட்டு வந்துவிடலாம்.

இவ்வாறு ஒப்படைக்கும் ஆற்றல் துறவிகளுக்குத்தான் கைகூடும், உலகியலில் உழல்கிறவர்களுக்கு அது சாத்தியமன்று என்று எவரேனும் சொல்வார்களானால், அவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தாரை நினைத்துப் பார்க்கட்டும். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய அந்த வணிகர்கள், கடல் கடந்த ஊரில் கடையை மூன்று வருஷக் கணக்கில் ஓர் ஏஜெண்டின் பொறுப்பில் விட்டு, பெருந்தொகைகளைக் கொடுக்கவும் வாங்கவும் கையெழுத்திடவும் அவருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டுச் செட்டிநாட்டில் இருந்தார்கள். கணக்குக் கேட்டார்கள், கடிதம் எழுதினார்கள், ஆனால் அன்றன்றைய தீர்மானம் அங்கே இருப்பவருடையது. அதே சமூகத்தார்தாம் 1863-ல் காசியில் சத்திரம் நிறுவினார்கள். விசுவநாதர் பூஜைக்குரிய திரவியங்கள் அந்தச் சத்திரத்திலிருந்து நாள்தோறும் ஊர்வலமாகக் கோயிலுக்குச் செல்லும் கைங்கரியம், நிறுவியவர்கள் மறைந்து தலைமுறைகள் பல சென்ற பின்னும் நடந்துவருகிறது. வியாபாரத்தைப் பிறர் கையில் நம்பி விடப் பழகிய மனம்தான், தான் இல்லாத காலத்திலும் நடக்கக்கூடிய தருமத்தையும் அமைக்க வல்லதாயிற்று.

இனி, வீட்டாரோடு உள்ள பந்தத்தையே அறுத்தெறிந்துவிட வேண்டும் என்பதும் நம் சமயத்தின் கருத்தன்று. துறவுக்கே இலக்கணமாகப் போற்றப்படும் பட்டினத்தடிகள் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வத்தையெல்லாம் துறந்து வெளிப்போந்தபோது, அவர் அன்னை ஒரு சிறு முடிச்சை அவர் அரையில் கட்டி, அது தானாக அவிழ்ந்து விழும் நாளில் தான் மாண்டதாக அறிந்து வந்து கொள்ளியிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டதாகக் கர்ணபரம்பரை வழங்குகிறது. காதற்ற ஊசியையும் வேண்டாமென்று விட்ட அப்பெரியார் அந்த முடிச்சை அவிழ்த்தெறியவில்லை. ஆதி சங்கரரும் அந்திமக் காலத்தில் வந்து சேர்வதாகத் தம் அன்னைக்கு வாக்களித்துவிட்டே சந்நியாசம் பெற்றார் என்பர். இவ்விரு வரலாறுகளும் எனக்கு மிகவும் ஆறுதல் தருவன. அந்த முடிச்சு ஒரே ஒரு செய்தியை மாத்திரம் சுமந்திருந்தது. வேறெவராலும் ஈடுசெய்ய முடியாத, மகன் ஒருவனே வந்து செய்யவேண்டிய கடமைக்கான செய்தி அது. மற்ற நாட்களெல்லாம் அது வாய் திறவாமல் அரையில் கிடந்தது. எந்தச் செய்தி நம்மைத் தேடி வரவேண்டும், எது வரவேண்டியதில்லை என்று பிரித்தறிய இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தூரம் என்பதைச் சாஸ்திரமே மதித்திருக்கிறது. பரதேசத்தில் இருக்கிறவன் பந்துவின் மரணத்தைப் பத்து நாளைக்குள் கேள்விப்பட்டால் எஞ்சிய நாட்களுக்கு மாத்திரம் ஆசௌசம் என்னும் தீட்டைக் காக்கவேண்டும். பத்து நாள் கடந்து கேட்டால் மூன்று இரவுகள். ஒரு வருஷமும் கடந்துவிட்டால் ஸ்நானம் செய்தாலே சுத்தி என்பது மனுஸ்மிருதி ஐந்தாம் அத்தியாயத்தின் விதி. கேட்ட பின்புதான் கடமை பிறக்கிறது; கேளாதிருந்த நாட்களுக்காக எவரும் அவனைக் குற்றவாளியாக்கவில்லை. இன்றோ கேளாதிருத்தல் என்ற ஒரு நிலையே மனிதனுக்கு இல்லாமற்போயிற்று. அலுவலகத்தில் தோன்றும் ஒவ்வொரு சிறு விவகாரமும் அது தோன்றிய கணத்திலேயே கேதார கட்டத்தில் நிற்கிறவனுடைய கடமையாகிவிடுகிறது; பதில் எழுதாத ஒவ்வொரு நாழிகையும் அவனுக்கு அபராதமாகிறது. இது மனிதன் தாங்கக்கூடிய பாரமன்று என்றே கருதுகிறேன்.

யாத்திரிகனுக்கு மாத்திரமா நஷ்டம்? தகப்பனார் பத்ரிநாத்திலிருந்தும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நாளைக் குறித்து அனுப்புவாரானால், முப்பது வயதான பிள்ளை எந்நாள் குடும்பஸ்தனாவான்? மேலதிகாரி விடுமுறையிலும் எல்லாக் கடிதங்களுக்கும் தாமே பதில் எழுதினால், கீழே இருப்பவர் பொறுப்பேற்கக் கற்பது எப்போது? சாவியை வாங்கிக்கொண்ட பிள்ளைகளில் சிலர் தவறும் செய்திருப்பார்கள். அந்தத் தவறுகளோடுதான் அவர்கள் தந்தையின் ஸ்தானத்துக்கு வளர்ந்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபக்கத்தை மறைப்பது நியாயமாகாது. வியாதியில் கிடக்கும் தாயாரை விட்டு ஒரு நாளும் நகர முடியாத மகள், தினந்தோறும் இரண்டு வரி பார்த்து மனநிம்மதி பெறலாம் என்ற தைரியத்தினால்தான் இன்று ராமேசுவரம் வரையிலாவது போய்வருகிறாள். பத்து நாள் லீவு கிடைக்காத சாப்ட்வேர்க் கம்பெனி இளைஞன், சத்திரத்து அறையில் இரவில் இரண்டு மணி நேரம் வேலை பார்ப்பதாக ஒப்புக்கொண்டு, வயதான பெற்றோரைக் கயைக்கு அழைத்துச் செல்கிறான். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. அவர்களுடைய யாத்திரை என்னுடையதைவிட உயர்ந்ததாகவும் இருக்கக்கூடும். செய்தி அறிதல் வேறு, ஆட்சி செலுத்துதல் வேறு. தாயாரின் காய்ச்சல் தணிந்ததா என்று கேட்கிற மகள் பட்டினத்தடிகளின் முடிச்சைச் சுமக்கிறாள். கங்கைப் படியில் அமர்ந்து அநுமதிக் கடிதம் எழுதுகிறவர் சிம்மாசனத்தையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

இதற்கான பரிகாரமும் அந்த மின்னஞ்சலுக்குள்ளேயே இருக்கிறது. நாம் ஊரில் இல்லாத நாட்களில் வரும் கடிதங்களுக்கு, விடுப்பில் இருக்கிறோம், அவசரமானால் இன்னாரை அணுகவும் என்று தானாகவே பதில் போகும்படி செய்துவைக்கும் வசதியை எல்லோரும் அறிவார்கள். அதைப் பலர் வெறும் சம்பிரதாயமாக எழுதிவைத்துவிட்டு, மறுநிமிஷமே தாங்களே பதிலும் எழுதிவிடுகிறார்கள். பழைய நாளில் பெட்டிச் சாவி கைமாறியதற்குச் சமமான சடங்கு இந்நாளில் நமக்கு மிஞ்சியிருக்கிறதென்றால், அது அந்த ஒரு வரிதான். காசிக்கோ கேதாரத்துக்கோ போக எண்ணியிருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: புறப்படுவதற்கு முந்தின நாள் அந்த வரியில் ஒருவருடைய பெயரை மெய்யாகவே எழுதுங்கள், எழுதிய பெயருக்கு உரியவரை அழைத்து உட்காரவைத்து, கையெழுத்திடும் அதிகாரத்தையும் அவரிடம் கொடுத்து, நான் வரும் வரையில் உங்கள் தீர்மானமே என் தீர்மானம் என்று சொல்லுங்கள், உயிருக்கு ஆபத்தான செய்திக்கு மாத்திரம் சத்திரத்து டெலிபோன் நம்பரை வீட்டில் எழுதிவையுங்கள், மடிக்கணினியை அலமாரியில் பூட்டிவிட்டு ரயில் ஏறுங்கள்.