வாத்து காய்த்த மரம்

கயிற்றைப் பாம்பென்று அஞ்சியவன் விளக்கு வந்ததும் தெளிவடைகிறான். ஆனால், அதைப் பாம்பென்று நம்புவதில் அவனுக்கு ஆதாயமும் இருந்துவிட்டால், அவன் விளக்கைத் தேடுவானா? வேதாந்தம் கூறும் இந்த உவமையின் மறுபக்கத்தை, ஐரோப்பாவின் வடமேற்குக் கடற்கரையில் வழங்கிய ஒரு கதை நமக்குக் காட்டுகிறது.

பார்னக்கிள் வாத்து, வெளுத்த முகமும் கறுத்த கழுத்தும் உடைய பறவை. கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட் முதலிய துருவப் பகுதிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் வருவது. அது கூடு கட்டி அந்நாட்டார் எவரும் கண்டதில்லை. அதே கரைகளில் ஒதுங்கும் மரத்துண்டுகளில் கொட்டலசு என்னும் சிற்றுயிர் கொத்துக்கொத்தாகத் தொங்கும். அது நண்டு, இறால் இனத்தைச் சேர்ந்தது. நீண்ட காம்பு, வெளிறிய ஓடு, ஓட்டினுள் இறகு போன்ற மெல்லிய கால்கள். போதாதா? காம்பு கழுத்தாயிற்று, கால்கள் சிறகாயின. மரத்தில் தொங்கும் ஓட்டிலிருந்தே வாத்து பிறக்கிறது என்று முடிவு கட்டினர். இன்று ஆங்கிலத்தில் 'பார்னக்கிள்' என்றால் கொட்டலசையே நினைக்கிறார்கள். உண்மையில் அப்பெயர் முதலில் பறவைக்கே உரியதாயிருந்தது. பின்னரே கொட்டலசுக்கும் சென்றது. ஒரு நாமம் இரு ரூபங்களையும் பிணைத்துவிட்டது.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தைப் பற்றி நூல் எழுதிய வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, ஒரே மரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தொங்கியதைத் தம் கண்ணாலேயே கண்டதாகக் குறிப்பிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஓடுகளைக் கண்டது மெய். ஓட்டினுள் பறவையைக் கண்டது கண்ணல்ல, மனம். அத்யாசம் என்பது இதுவே.

ஆதாயம் எங்கே வந்தது? மாமிசம் விலக்கப்பட்ட தவக்காலத்தில், மாமிசத்திலிருந்து பிறவாத இந்த வாத்தை உண்ணலாம் என்று அயர்லாந்தின் சில பகுதிகளில் ஆயர்களும் துறவிகளும்கூட உண்டு வந்தனர். கதையை நம்பிய ஜெரால்டே இதைக் கண்டித்தார். ஆதாமும் மாமிசத்திலிருந்து பிறந்தவனல்லன். அவன் தொடையை ஒருவன் தின்றால் மாமிசம் தின்னவில்லை என்றாகிவிடுமா என்பது அவர் வாதம். 1215இல் போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் இதற்குத் தடை விதித்தார். பிறப்பு எப்படியாயினும் இது வாழ்வதும் மேய்வதும் வாத்தைப் போலவே என்பது அவர் கூறிய காரணம். கவனிக்க வேண்டியது, இருவருமே பிறப்பைப் பற்றிய கதையைக் கைவிடவில்லை. நாவின் ஆசை அதன் நிழலில் ஒதுங்குவதையே தடுத்தனர். உண்மை தெரிவதற்கு முன்னரும் நேர்மையாக இருக்க முடியும் போலும்!

விளக்கைத் தேடியவர் பேரரசர் இரண்டாம் ஃப்ரெடெரிக். அதே 13ஆம் நூற்றாண்டில் ஆளனுப்பி அந்த மரத்துண்டுகளை வரவழைத்து, ஓடுகளை ஆராய்ந்தார். பறவையின் சாயலே இல்லை. எங்கோ தொலைவில் இவை கூடு கட்டுகின்றன. அந்த இடம் தெரியாததால் எழுந்த கதை இது என்று எழுதிவைத்தார். 1596இல் துருவக் கடலில் சென்ற டச்சு மாலுமிகள், இதற்கு நெருங்கிய இனத்து வாத்துகள் ஸ்பிட்ஸ்பெர்கனில் முட்டைகளின்மேல் அமர்ந்திருப்பதை நேரில் கண்டனர். மறு ஆண்டு லண்டனில் ஜான் ஜெரார்டின் மூலிகை நூல் வெளிவந்தது. அதன் இறுதியில், வாத்து காய்க்கும் மரம் படத்தோடு அச்சாகியிருந்தது.