இயங்கிக்கொண்டிருப்பதை இறக்கிவைப்பது அறமா?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை, அது பழுதாவதற்கு முன்பே, வேறொருவர் குறித்துக்கொடுத்த நாளில் கழற்றி வைப்பது சரிதானா? அலுவலகங்களில் இந்தக் கேள்வி பட்ஜெட் கூட்டத்தில் எழுந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. உண்மையில் இது பொருளின் ஆயுளைப் பற்றிய கேள்வி. நம்மை நம்பியிருப்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனைப் பற்றிய கேள்வியும்கூட. சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் வரிசை வலையமைப்பு ஸ்விட்சுகளை எடுத்துக்கொள்வோம். 2022 அக்டோபர் 31 அன்று அவற்றின் விற்பனை நின்றது. 2027 அக்டோபர் 31 ஆதரவின் கடைசி நாள். மறுநாள் காலை சர்வர் அறைக்குள் போய்ப் பார்த்தால் ஒரு விளக்கின் நிறம்கூட மாறியிருக்காது. தகவல் வழக்கம்போல ஓடும், மின்விசிறி வழக்கம்போலச் சுற்றும். அப்படியானால் முந்தைய நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் எது முடிந்துபோனது?

எதுவுமே முடியவில்லை, அது வெறும் காகிதத்துத் தேதி என்று சொல்பவர்கள், ஒரு பொருளின் ஆயுள் அந்தப் பொருளுக்குள்ளேயே இருப்பதாக எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம். மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் உபதேசிக்கும் பௌத்த தருமத்தில் நடுநாயகமாக நிற்பவை பன்னிரு சார்புகள். அவை பிறப்பையும் துன்பத்தையும் பற்றியவை, இரும்புப் பெட்டிகளைப் பற்றியவை அல்ல. ஆனால் எதுவும் தன்னந்தனியாக நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று நிற்கிறது என்ற அந்தப் பார்வை இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒரு ஸ்விட்ச் என்பது உலோகமும் சில்லுகளும் மட்டுமல்ல. அதனுள் ஓடும் மென்பொருள், அதில் ஓட்டை கண்டுபிடிக்கும் ஆய்வாளர், அந்த ஓட்டையை அடைக்கும் பொறியாளர், அடைப்பைக் கொண்டுவந்து பொருத்தும் ஊழியர், இத்தனை பேரின் மீதும் சாய்ந்துதான் அது நிற்கிறது. இரும்பு துருப்பிடித்தால் இரும்பே மாறுகிறது. மென்பொருளோ ஓர் எழுத்துக்கூட மாறாமல் மூப்படைகிறது, ஏனென்றால் வளர்வது அதைப் பற்றிய உலகத்தின் அறிவு. நேற்றுவரை யாருக்கும் தெரியாதிருந்த ஓட்டை இன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அதே மென்பொருள் இன்று வேறொரு பொருள். அதை மறுபடியும் நம்பத்தக்கதாக ஆக்குகிறவர் விலகும் நாளில் முடிந்துபோவது கருவியின் இயக்கமல்ல, அதைச் சூழ்ந்திருந்த பேணுதல்.

இது வெறும் தத்துவமாக நின்றுவிடவில்லை. 2022 ஜூன் மாதம், சிறு அலுவலகங்களுக்கான ஆர்வி110டபிள்யூ, ஆர்வி130 முதலிய சில ரவுட்டர்களில் பத்துக்கு 9.8 என்று தீவிரம் மதிப்பிடப்பட்ட ஓட்டை ஒன்றை சிஸ்கோ அறிவித்தது. அவை ஆயுள் முடிந்தவை, திருத்தம் வெளியிடப்போவதில்லை என்பதையும் கூடவே அறிவித்தது. இன்னும் ஆழமாக யோசிக்கவைப்பது 2024 ஜனவரி 31 அன்று அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட செய்தி. சீன அரசின் ஆதரவு பெற்றதாக அமெரிக்கா கூறும் ‘வோல்ட் டைஃபூன்’ குழு, வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த நூற்றுக்கணக்கான ரவுட்டர்களுக்குள் தீநிரலைப் புகுத்தி, அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டு அமெரிக்காவின் முக்கிய உள்கட்டமைப்புகளைக் குறிவைத்தது. அந்த ரவுட்டர்களில் மிகப் பெரும்பாலானவை ஆதரவு முடிந்துபோன சிஸ்கோ, நெட்கியர் கருவிகள். நீதிமன்ற அனுமதியோடு அரசே உள்ளே நுழைந்து அந்தத் தீநிரலை அகற்றியது. ஆனால் உரிமையாளர் ரவுட்டரை அணைத்துப் போட்டால் அரசு செய்த தற்காலிகப் பாதுகாப்பு போய்விடும், மறுபடியும் தொற்று வரலாம் என்று அதே அறிவிப்பு எச்சரித்தது. அந்த வீடுகளில் இணையம் வந்துகொண்டுதான் இருந்தது. தனக்கு உழைத்துக்கொண்டே பிறருக்குத் தீங்கு செய்யும் கருவி ஒன்று நம் அலமாரியில் இருக்கக்கூடும் என்றால், ‘ஓடுகிறதே, அது போதாதா?’ என்பது தன்னலத்தின் கேள்வி. அறத்தின் கேள்வி யாருக்காக ஓடுகிறது என்பது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது: அந்த நாளைக் குறிப்பவர் புதியதை விற்று லாபம் பார்ப்பவர், அவர் சொல்லுக்கு ஏன் கட்டுப்படவேண்டும்? இங்கே பூரி ஜகந்நாதர் கோயிலின் நவகளேபரத்தை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். அங்குள்ள மூலத் திருமேனிகள் வேப்பமரத்தாலானவை. ஆஷாடம் அதிக மாதமாக இரட்டித்து வரும் ஆண்டுகளில் அவை புதுப்பிக்கப்படுகின்றன. அண்மையில் 1977, 1996, 2015. மரம் உளுத்துவிட்டதா என்று தட்டிப் பார்த்து நாள் குறிப்பதில்லை, நாளைப் பஞ்சாங்கம் குறிக்கிறது. புதிய மரத்தைத் தேடும் பயணம் மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடுகிறது. கண்களைக் கட்டிக்கொண்டு தைதாபதிகள் என்ற கோயில் சேவகர்கள், திருமேனிக்குள் இருக்கும் பிரம்மப் பொருளைப் பழைய மேனியிலிருந்து புதிய மேனிக்கு மாற்றுகிறார்கள். பழையவை கோயில் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்படுகின்றன. உறவினர் இறந்ததுபோல தைதாபதிகள் துக்கம் காக்கிறார்கள். பழையதன் மீதுள்ள பாசத்துக்கு அங்கே இடமுண்டு. ஆனால் அந்த இடம் துக்கத்தில் இருக்கிறது, தள்ளிப்போடுவதில் இல்லை. நாள் வெளியிலிருந்து வருவதால், பழக்கமும் சோம்பலும் சேர்ந்து அதை ஒத்திவைக்க முடிவதில்லை.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். பஞ்சாங்கத்துக்கு லாப நோக்கம் கிடையாது, விற்பவருக்கு உண்டு. ஆகவே அவர் தரும் தேதியைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சாட்சியமாக எடுத்துக்கொண்டால் போதும். இன்ன நாளுக்குப் பிறகு திருத்தம் வராது என்பது, சொல்பவரின் நோக்கம் எதுவானாலும், உண்மை. அந்த உண்மை எந்தக் கருவியை எவ்வளவு பாதிக்கும் என்பதை நாம்தான் எடைபோடவேண்டும். இணையத்தைப் பார்த்து நிற்கும் ஃபயர்வாலுக்கு அந்தத் தேதி கிட்டத்தட்ட முடிவான தீர்ப்பு. வெளியுலகத் தொடர்பே இல்லாத ஆய்வுக்கூடத்து ஸ்விட்சுக்கு அப்படியில்லை. விற்பவரோடு பேரம் பேசவேண்டிய நேரம் கடைசி நாளல்ல, வாங்கும் நாள். 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில், நுகர்வோருக்கு இணையக் கருவி விற்பவர்கள் குறைந்தது எதுவரை பாதுகாப்புத் திருத்தம் தருவார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாகவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, அந்தக் காலம் பொதுவாக 5 ஆண்டுகளுக்குக் குறையக்கூடாது. நம் டெண்டர்களிலும் விலைக்குப் பக்கத்து வரியில் இந்தக் கேள்வி இடம்பெறவேண்டும்.

வீணாக்குவது பாவம் என்பது இரண்டாவது மறுப்பு. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. 2022இல் உலகம் கழித்துப்போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன்; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் மட்டுமே. வேலை செய்யும் கருவியை இந்தக் குவியலில் சேர்ப்பதற்குத் தகுந்த காரணம் வேண்டும். ஆனால் வீண் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஆதரவு முடிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே பட்டியல் போட்டவர், வலையமைப்பின் எல்லையில் நிற்கும் கருவியை முதலில் மாற்றுகிறார். ஆதரவு எஞ்சியிருப்பதை உள்ளே நகர்த்துகிறார். ஆதரவு தீர்ந்ததைப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்புகிறார், அதற்கும் உதவாததைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கிறார். தாக்குதல் நடந்த பிறகு விழிப்பவர் எது நல்லது எது கெட்டது என்று பிரிக்க நேரமில்லாமல் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தூக்கிப்போடுகிறார். திட்டமிடாததே பெரிய வீண். இதில் பூரிச் சடங்கு இன்னொன்றையும் காட்டுகிறது. மேனி மாறலாம், பிரம்மப் பொருள் கைமாறியாகவேண்டும். வலையமைப்பில் அப்படிக் கைமாறவேண்டியது விதிகளும் முகவரிப் பகிர்வும் மட்டுமல்ல; ஒவ்வொரு விதியும் ஏன் எழுதப்பட்டது என்ற காரணமும்தான். பல இடங்களில் அது ஓய்வுபெறப்போகும் ஒருவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அது போய்விட்டால் புதுக் கருவி வந்தும் பயனில்லை. இத்தனை நூற்றாண்டுப் பயிற்சி இருந்தும் 2015இல் பூரியில் அந்த இரவுச் சடங்கு குறித்த நேரத்தில் முடியாமல் பகலுக்கு நீண்டது, பெரிய சர்ச்சையும் எழுந்தது. மாற்றுவது எளிது என்று எண்ணி நாளை நெருக்கிக் குறிப்பவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம்.

கடைசியாக, ஏழையின் மறுப்பு. ஓர் அரசு மருத்துவமனையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்கமுடியும்: இன்று மூச்சுத் திணறுபவருக்கான கருவி, அல்லது என்றோ வரக்கூடிய ஆபத்தைத் தடுக்கும் ஸ்விட்ச். முன்னதைத் தேர்வதே மனிதநேயம் என்று தோன்றும். ஆனால் 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற பணயத் தீநிரல் தாக்கியபோது இங்கிலாந்தின் 236 தேசிய சுகாதார அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ரத்தான சிகிச்சை நேரங்கள் 19,000-க்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. மூச்சுத் திணறுபவரும் அந்த வலையமைப்பை நம்பித்தான் படுத்திருக்கிறார். இதே நிகழ்வு என் வாதத்தையும் ஓரளவு திருத்துகிறது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை ஆதரவு முடிந்த எக்ஸ்பி அல்ல, ஆதரவு இருந்தும் திருத்தம் பொருத்தப்படாத விண்டோஸ் 7. கொடுப்பவர் இருந்தால் மட்டும் போதாது, பெற்றுப் பொருத்துபவரும் இருக்கவேண்டும். ஆகவே பணமில்லாத மருத்துவமனைக்கும் செய்வதற்குக் கடமை மிச்சமிருக்கிறது. பழைய கருவியை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கலாம், அதன் நிர்வாக வாசலை வெளியுலகுக்கு மூடலாம், எந்த ஆபத்தை எதுவரை ஏற்கிறோம் என்று எழுதி வைக்கலாம். அந்தத் தாளில் கையெழுத்திடவேண்டியவர் சர்வர் அறையின் இளநிலை ஊழியர் அல்ல. மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்தான், அந்த முடிவின் விளைவு தெரிந்தே, அதில் கையெழுத்திடவேண்டும்.