இரண்டு மணி ரயிலுக்கு முன்

உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலை ரயில் பிற்பகல் 2 மணிக்கு. அதற்கு முந்தைய காலைப்பொழுதை நகராட்சி மார்க்கெட்டுக்குக் கொடுப்பது என் வழக்கம். பூங்காவும் ஏரியும் அழகுதான். ஆனால் இந்த ஊர் எதைத் தின்று, எதை விற்று, யாருடைய கையால் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள மார்க்கெட்டை விட்டால் வேறு இடம் இல்லை.

*

சேரிங் கிராஸில் ஆடம் நீரூற்று. சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோதே 1881-இல் இறந்துபோன வில்லியம் பேட்ரிக் ஆடமின் நினைவாக 1886-இல் எழுப்பியது. அங்கிருந்து கமர்ஷியல் ரோட்டில் நிதானமாக நடக்கலாம். ஸ்வெட்டர் கடை, சாக்லேட் கடை, நீலகிரித் தைலம் விற்கும் கடை, வர்க்கி அடுக்கிய பேக்கரி. குளிரில் ஒரு கண்ணாடி டம்ளர் டீயும் அதில் தோய்த்துத் தின்ன இரண்டு வர்க்கியும் போதும். வேறு காலை உணவு வேண்டாம்.

கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தது 1819-இல். 1820-களில் அவர் உண்டாக்கிய ஏரி இன்று இருப்பதைவிடப் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அதன் பழைய நீர்ப்பரப்பில் எழுந்தவை. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் முதல் அடி வைப்பது அந்த ஏரியின்மேல்தான்.

*

சல்லிவனுக்கு வெகுகாலம் முன்பே இந்த மலையில் கொடுக்கல் வாங்கல் இருந்தது. தோடர்கள் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். கோத்தர்கள் பானையும் இரும்புக் கருவியும் செய்தார்கள். சாவுக்கும் சடங்குக்கும் வாத்தியம் வாசித்தார்கள். படகர்கள் தானியம் அளந்தார்கள். குறும்பர்கள் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். நடுவில் காசு இல்லை. குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த உறவு அது. அதில் ஏற்றத்தாழ்வு இருந்தது, ஒருவரைக் கண்டு ஒருவர் அஞ்சுவதும் இருந்தது. ஆனாலும் பானையை வனைந்தவர் யார் என்பது அதில் சமைத்தவருக்குத் தெரியும். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அந்த ஏற்பாடு கலைந்துபோனது.

மார்க்கெட்டுக்குள் நுழையும்போது நான் மனத்தில் வைத்துக்கொள்வது இதை மட்டும்தான்: ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு முகம் உண்டு.

*

கேரட் குவியல் முன்னால் நிற்கிறேன். கழுவிய கேரட்டின் நிறம் பனிமூட்டத்திலும் மங்குவதில்லை. பக்கத்தில் பீட்ரூட், நூல்கோல், டர்னிப், முட்டைக்கோஸ், மலைப்பூண்டு. ஓட்டல்காரர்கள் கேட்டு வாங்கும் புரோக்கோலியும் லெட்யூஸும் தனிக் கூடையில்.

“இன்னைக்கு வெடியால புடுங்குனதுங்க சார்,” என்கிறார் கடைக்கார அம்மா.

அவர் சொன்னது வியாபாரப் பேச்சு அல்ல. கேத்தியிலும் முத்தோரை பாலாடாவிலும் ஊர் தூங்கும் நேரத்திலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிடுங்கியதைக் கழுவும் மெஷினுக்குக் கொண்டுபோய், மண் போகக் கழுவி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவார்கள். பெரும்பகுதி மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கிவிடும். அங்கே அன்றைக்கு என்ன விலை போகிறதோ அதுதான் மலையில் பயிரிட்டவருக்குக் கூலி. விலை சரிந்த நாளில் பிடுங்குகூலியும் லாரி வாடகையும் கட்டுப்படியாகாமல் வயலிலேயே விட்டுவிடுவதும் உண்டு.

கேரட்டை முகர்ந்து பார்க்கிறேன். ஈர மண்ணின் வாசம் இன்னும் போகவில்லை.

*

இந்தக் குவியல்களில் மலையின் சொந்தப் பிள்ளைகள் எவை? படகர்களின் பழைய வயலில் இருந்தவை சாமையும் ராகியும் கீரையும். உருளைக்கிழங்கின் தாய்நிலம் தென் அமெரிக்கா. கோஸும் டர்னிப்பும் வெள்ளைக்காரர்களின் பின்னால் வந்தவை. தைலம் தரும் யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-இல் வந்தது. தேயிலைக்குச் சீனாவும் அசாமும். எல்லாமே கப்பலில் வந்து, மாட்டு வண்டியிலோ மனிதத் தலையிலோ மலையேறியவை. கடலைக் கண்ணால் பார்க்க முடியாத இந்த 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பது ஒரு துறைமுகம்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஏற்றுமதி, இறக்குமதி, வந்து தங்கியவர்கள் என்று எல்லாம் இங்கே இருக்கிறது. வந்தவற்றுக்காக அழிந்த சோலைகளும் புல்வெளிகளும் இந்தக் கணக்கில் சேரவேண்டும்.

*

வந்து தங்கியவர்கள் என்று எழுதியதும் ஒரு கூட்டம் நினைவில் எழுகிறது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளியவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிந்துகொண்டார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. பிறகு அதுதான் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் வேர்விட்ட அந்தக் குடும்பங்களை இன்றும் ‘சிலோன்காரங்க’ என்றே சிலர் சொல்கிறார்கள். ஊர் திரும்பி அரை நூற்றாண்டு ஆன பிறகும் ஒருவரை அந்நியராக வைத்திருக்கும் பேச்சு அது. அதை விட்டுவிட வேண்டும்.

இங்கே குடிக்கும் ஒவ்வொரு டம்ளர் டீயிலும் அவர்கள் கை இருக்கிறது.

*

மார்க்கெட்டின் பழைய கடைகளில் ஒரு பகுதியை இடித்துப் புதிய வளாகம் கட்டும் வேலையை நகராட்சி அண்மை ஆண்டுகளில் தொடங்கியது. மழை பெய்தால் சேறு, நெருக்கடி, வண்டி நிறுத்த இடமின்மை எல்லாம் உண்மை. நல்ல வடிகாலும் நல்ல கழிப்பறையும் இங்கே உழைப்பவர்களின் உரிமை. நான் வேண்டுவது ஒன்றுதான். கூடையோடு வரும் சிறு வியாபாரிக்கும் கட்டுப்படியாகும் வாடகையில் அங்கே ஓர் இடம் இருக்கவேண்டும்.

*

நேரமாகிவிட்டது. நிலையம் நடக்கிற தூரம்தான்.

லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் என்று குன்னூர்வரை டீசல் எஞ்சின். குன்னூரில் எஞ்சின் மாறும். அங்கிருந்து கல்லாறுவரை தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் நகரவேண்டும், 12.5 அடி போனால் 1 அடி இறக்கம். இந்தப் பாதை 1899-இல் குன்னூரை எட்டியது, 1908-இல் உதகையை. 46 கிலோமீட்டரில் 16 குகைகள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இந்தப் பாதையின் பழைய நீராவி எஞ்சின்களில் பல சுவிட்சர்லாந்தில் செய்தவை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையும் செய்து தந்தது.

பயணிகள் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். நான் பிரேக்ஸ்மேன்களைப் பார்க்கிறேன். பெட்டிக்கு ஒருவர். சரிவில் ஒவ்வொரு பெட்டியையும் ஒருவர் கையால் பிரேக் பிடித்து இறக்குகிறார். ஒருவருக்கொருவர் கொடி காட்டிக்கொள்கிறார்கள். பெட்டி குலுங்காமல் இறங்கினால் அது அந்தக் கைகளின் நிதானம். கேரட்டை இறக்கியதும் இதுபோலப் பெயர் தெரியாத கைகள்தான். மலையில் ஏறுவது மட்டுமல்ல, இறங்குவதும் உழைப்பு.

*

நீலகிரிக்கு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை. ரயிலுக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதை மார்க்கெட்டுக்கு ஒதுக்குங்கள். கையில் துணிப்பை இருக்கட்டும். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. உங்களால் சுமக்க முடிந்த அளவு காய் வாங்குங்கள். அது எந்த ஊரில் விளைந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். கேரட்டுக்குப் பேரம் பேசாதீர்கள். கேட்ட விலையைக் கொடுங்கள்.